லாந்தர் தனுஷ்கோடி இங்கிலீஷ் படிக்கிறார்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரியை ஜனவரியில் பெயிண்ட் கம்பெனிக்காரன் கொடுத்தான். இன்றுவரை டீ தம்ளருக்கு அடியில் வைக்கத்தான் பயன்பட்டது. இனிமேல் எழுதப்போகிறேன். ஏனென்றால் இன்று முதல் நான் வெறும் தனுஷ்கோடி பெயிண்ட்ஸ் முதலாளி இல்லை, சாத்தூர் லாந்தர் கிளப்பின் அடுத்த தலைவர். ஏகமனதாகத் தேர்வு. வேறு யாரும் நிற்கவில்லை என்பது தனி விஷயம்.

எங்கள் கிளப்பில் ஒருவரையொருவர் பெயருக்கு முன்னால் லாந்தர் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். லாந்தர் குருசாமி (போட்டோ ஸ்டூடியோ, எங்கள் செயலாளர்), லாந்தர் சுடலைமுத்து (அரிசி மில், இப்போதைய தலைவர்). கண் முகாம் நடத்துவோம், மரக்கன்று நடுவோம், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுப்போம். இதெல்லாம் தமிழில்தான் நடக்கும். ஆனால் தலைவர் பதவியேற்கும் பேச்சு மட்டும் இங்கிலீஷில் இருக்க வேண்டும். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்பதென்றால் அதையும் இங்கிலீஷில் கேட்க வேண்டியிருக்குமோ என்ற பயம்தான்.

போன வருஷம் சுடலைமுத்து முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கத்தையே வாசித்தார். கூட்டம் இரண்டு தடவையும் கை தட்டியது. நான் வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த வருஷம் என் முறை. விழா ஜூலை 14.

என் மனைவி லீலாவதி இந்த ஊரில் பெயர்போன இங்கிலீஷ் டீச்சர். செய்தியைச் சொன்னதும் அவள் கேட்டாள்.

"பேச்ச நான் எழுதித் தரட்டுமாங்க?"

"ஒண்ணும் வேண்டாம். நானே எழுதுவேன், நானே பேசுவேன். ஒரு தப்பு வராது பாரு."

"சரிங்க" என்றாள். அவள் 'சரிங்க' சொன்னால் அதில் ஒரு விஷமம் இருக்கும்.

ஜூன் 4, செவ்வாய்

அவளிடமே கேட்டால் என்ன என்று குருசாமி கேட்கிறார். அவருக்கு விவரம் தெரியாது. கல்யாணமான புதிதில் குற்றாலம் போனோம். லாட்ஜ் மேனேஜரிடம் நான் கெத்தாக, "ஐ ஆம் யெஸ்டர்டே கேம் வித் மை நியூ வொய்ஃப்" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். மாடிப்படி ஏறும்போது லீலா மெதுவாக, "மூணு தப்பு" என்றாள். நான் அங்கேயே நின்று, "இனிமே உன் முன்னால நான் இங்கிலீஷ் பேசினா என் பேரு தனுஷ்கோடி இல்ல" என்றேன். இருபத்திரண்டு வருஷமாக என் பேர் தனுஷ்கோடியாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் அவள் "குட் மார்னிங்" சொல்வாள், நான் "ம்" என்பேன்.

ஆகவே கோவில்பட்டி. சாத்தூரில் எந்த வகுப்புக்குப் போனாலும் வாத்தியார் லீலாவிடம் படித்தவனாக இருப்பான். கோவில்பட்டியில் செண்பகராஜ் என்று ஒருவர் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறார் என்று குருசாமி விசாரித்துச் சொன்னார். இன்று போனேன். முப்பது வயதிருக்கும். நல்ல பையன்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"சாத்தூர். பெயிண்ட் கடை. வீட்டுல டீச்சர்."

எந்த ஸ்கூல் என்று கேட்டார், சொன்னேன். உடனே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்தார். வியாபாரிகளுக்கு இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதை கொடுக்கிற பிள்ளைகளைப் பார்ப்பது அபூர்வம்.

வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று சொல்லிவைத்தேன். "சரி அண்ணாச்சி" என்று வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்.

தினமும் டைரி இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் தமிழில் எழுதிக்கொள்கிறேன். பிறகு மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம்.

ஜூன் 7, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் கோவில்பட்டிப் பக்கம் பார்ட்டிகளைப் பார்க்கப் போகிறேன் என்று லீலாவிடம் சொன்னேன். என்ன பார்ட்டி, எதற்கு என்று கேட்பாள் என நினைத்து நாலு பொய் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"போயிட்டு வாங்க. பேனா எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

பெயிண்ட் பார்ட்டியைப் பார்க்கப் போகிறவனுக்குப் பேனா எதற்கு? இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

இன்று காலங்கள். நடந்தது, நடக்கிறது, நடக்கப்போவது என்று மூன்றுதான் இருக்கும் என நினைத்துப் போனேன். பன்னிரண்டு என்றார். அரிசி மில்லில்கூட இத்தனை ரகம் கிடையாது.

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரு பெரிய உண்மை விளங்கியது. பெயிண்டர் மாடசாமிக்குக் காலையில் போன் போட்டேன்.

"எங்க இருக்க?"

"வந்துட்டேன் அண்ணாச்சி!"

பின்னால் அவன் மனைவி தோசை ஊற்றுகிற சத்தம் கேட்டது. பதினோரு மணிக்கு வந்தான். இதை செண்பகராஜிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நம்ம ஆளுக நடக்கப்போறத நடந்து முடிஞ்சதாவே சொல்லிருவோம் அண்ணாச்சி. கேக்குறவருக்கும் அது தெரியும், அதனால வண்டி ஓடுது. இங்கிலீஷ்ல அப்படிச் சொன்னா கேக்குறவன் நம்பிருவான்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். 'முடிஞ்சிருச்சு' என்று நானே இன்று எத்தனை பேரிடம் சொன்னேன்! எதுவும் முடியவில்லை. ஒரு வீட்டுக்கு டின்னே இன்னும் கிளம்பவில்லை.

மத்தியானம் லீலாவுக்குப் போன் போட்டுச் சாப்பாடு எங்கே என்று கேட்டேன். "இந்தா வந்துட்டேன்" என்றாள். இங்கிலீஷ் டீச்சராம்.

ஜூன் 14, வெள்ளி

இன்று பார்ட்டிசிப்பிள். ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலை செய்ததை ஒரே மூச்சில் சொல்வதற்கு 'ஹேவிங்' என்று தொடங்க வேண்டும். தமிழில் குளித்து, சாப்பிட்டு, கிளம்பி என்று அடுக்குகிறோமே, அதே கதைதான். ஆனால் யார் செய்தார் என்பவர் உடனே பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலையை வேறு யாரோ செய்ததாக ஆகிவிடும்.

நான் உற்சாகமாக ஒன்று எழுதினேன். "ஹேவிங் பெயிண்டட் த வால், த டாக் ஸ்லெப்ட்." சுவருக்குப் பெயிண்ட் அடித்த பிறகு நாய் வந்து படுத்துக்கொண்டது என்று சொல்ல வந்தேன்.

"சுவருக்குப் பெயிண்ட் அடிச்சது நாய்னு ஆயிருச்சே அண்ணாச்சி! நாய் பெயிண்ட் அடிக்குமா?"

"மாடசாமிய விட ஒழுங்கா அடிக்கும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்து ஓய ரொம்ப நேரம் ஆனது.

பிறகு அவர் உதாரணம் சொன்னார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, கணவன் கடைக்குப் போனான். நன்றாக இருந்தது. எழுதிக்கொண்டேன். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும் போலிருக்கிறது.

ஜூன் 15, சனி

அரை வாளி டிஸ்டெம்பரைத் தட்டிவிட்டேன். கடை முழுக்க இளநீலம். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

டாக்டர் எனக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் கேட்பதில்லை. கடையில் பிரைமர் டின்னுக்குப் பின்னால் ஒரு மிக்சர் பொட்டலம் எப்போதும் இருக்கும். இது எனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

இன்று செண்பகராஜ் சொன்ன உதாரணம்: பிரைமர் டின்னுக்குப் பின்னால் மிக்சரை ஒளித்துவைத்துவிட்டு, அவன் மனைவியிடம் பத்தியம் இருப்பதாகச் சொன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நிதானமாக யோசித்தால், பெயிண்ட் கடை வைத்திருப்பவன் வேறு எங்கே ஒளித்துவைப்பான்? பையனுக்கு மனுஷ சுபாவம் நன்றாகப் பிடிபட்டிருக்கிறது. கடைக்கு வந்ததும் பொட்டலத்தைத் தின்னர் டின்னுக்குப் பின்னால் மாற்றினேன்.

மத்தியானம் லீலா சாப்பாடு கொண்டுவந்தாள். கடை தூசியாக இருக்கிறதென்று தானே ஒதுங்கவைத்துவிட்டுப் போனாள். பாவம், ஸ்கூலிலும் வேலை, இங்கேயும் வேலை.

ஜூன் 21, வெள்ளி

செண்பகராஜின் உதாரணம்: பொட்டலத்தைத் தின்னர் டின்னுக்குப் பின்னால் மாற்றிவிட்டு, அவன் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டான்.

இந்தப் பையனுக்கு ஜோசியமும் தெரியும் போல.

ஜூன் 25, செவ்வாய்

நேற்று முழுக்க வயிறு சரியில்லை. காரணத்தை எழுத விரும்பவில்லை. இன்று வகுப்புக்குள் நுழைந்ததும் செண்பகராஜ், "வயிறு இப்ப தேவலையா அண்ணாச்சி? வாங்க, இன்னைக்கு லேசாப் படிப்போம்" என்றார். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். மோர் கொடுத்தார்.

கோவில்பட்டிக்கு வந்துபோவது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நாற்கரச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டே காண்பதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போகிறேன். ஆடு ரோட்டைக் கடக்கிறது. ஆடு ரோட்டைக் கடந்துவிட்டது. இன்று ஒரு ஆடு 'கடந்துகொண்டிருந்தது' என்ற காலத்திலேயே நடு ரோட்டில் நின்றுவிட்டது. பிரேக் அடிக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 28, வெள்ளி

விபரீதம். கோவில்பட்டி போனேன். செண்பகராஜ் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவருக்கு அம்மை போட்டிருக்கிறது. அவருடைய அம்மா உள்ளேயிருந்தபடியே, "உள்ள வராதீக அண்ணாச்சி, மூணு தண்ணி ஊத்தின பெறகு வாங்க" என்றார்கள். அது எப்போது? இரண்டு வாரம் ஆகும். விழாவுக்கும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

பாதி ஆற்றில் இறங்கியவன் போல வாசலில் நின்றேன். ஜன்னல் வழியாக அந்தப் பையன் சோர்ந்த குரலில், "பயப்படாதீங்க அண்ணாச்சி, வழி கிடைக்கும்" என்றான். உடம்பெல்லாம் எரிச்சலோடு கிடக்கிறவன் எனக்குத் தைரியம் சொல்கிறான். அந்த மனசுக்கு அவன் நன்றாயிருக்க வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

இன்றும் வண்டியை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிப் பக்கம் போனேன். போகாவிட்டால் லீலாவுக்குச் சந்தேகம் வரும். பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அவள் முகத்திலும் தெளிவு இல்லை. ஸ்கூலில் ஏதோ கவலை போலிருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

கிளப் கூட்டம். பதவியேற்பு முறைகளை லாந்தர் குருசாமி வாசித்தார். பழைய தலைவர் பித்தளை லாந்தரை ஏற்றி, புதிய தலைவரின் வலது கையில் கொடுப்பார். பேச்சு முடியும்வரை அதைக் கீழே வைக்கக்கூடாது, வேறு கைக்கோ வேறு ஆளுக்கோ மாற்றக்கூடாது. ஏற்றுக்கொண்ட பொறுப்பு தரையைத் தொடக்கூடாது என்று கிளப்பை ஆரம்பித்தவர் சொல்லிவைத்தது. நல்ல வழக்கம்தான். லாந்தர்தான் கனம்.

சுடலைமுத்து என்னைப் பார்த்து, "பேச்சு ரெடியா அண்ணாச்சி?" என்றார்.

"முடிஞ்சிருச்சு" என்றேன். ஒரு வரி எழுதவில்லை.

ஜூலை 5, வெள்ளி

தமிழில் எழுதிவிட்டேன். இங்கிலீஷில் ஒவ்வொரு வரியிலும் நாய் பெயிண்ட் அடிக்கிறது.

லீலாவிடம் போய்க் கேட்டுவிடலாம் என்று அடுக்களைவரை போனேன். "என்னங்க?" என்று திரும்பினாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு எதிர்பார்ப்பு. "தண்ணி" என்றேன். கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். குற்றாலத்து மாடிப்படி இன்னும் என் தொண்டைக்குள்தான் இருக்கிறது. கேட்க வாய் வரவில்லை. எனக்கு என் மேலேயே கோபம்.

மேடையில் நான் திக்கினால் ஊர் சிரிக்கும், அதைத் தாங்கிக்கொள்வேன். முன்வரிசையில் உட்கார்ந்து லீலா விரல் மடக்கித் தப்பை எண்ணுவாளே, அதைத்தான் தாங்க முடியாது.

ஜூலை 8, திங்கள்

சாயங்காலம் கடையை மாடசாமியிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் லீலாவின் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். நான் அடுக்களையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் உரிக்கச் சொல்லவில்லை. அங்கிருந்தால் நன்றாகக் காது கேட்கும் என்பதாலும் இல்லை.

லீலா வழக்கத்தை விட இரண்டு மடங்கு சத்தமாகப் பேசினாள்.

"இன்னைக்கு ஒரு பேச்சு எழுதப்போறோம். ஒரு சங்கத்துக்குத் தலைவரா ஆனவர் மேடையில பேசுறார். எப்படி ஆரம்பிப்பார்?"

"மிஸ், இது பாடத்துலயே இல்லையே மிஸ்" என்றது ஒரு பெண்.

"வாழ்க்கையில இருக்கு. எழுது. 'தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்', இத எப்படித் தொடங்கணும்? 'ஹேவிங்'குக்கு அடுத்து என்ன வரும்?"

நான் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு பையன் "ஹேவிங் எலெக்ட்" என்றான். இன்னொருத்தி "ஹேவிங் எலெக்டிங்" என்றாள். எனக்கு உடம்பே பதறியது. இதுகூடவா தெரியாமல் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு வரைக்கும் வரும்!

"ஹேவிங் பீன் எலெக்டட்!" என்று ஒரு குரல் கேட்டது.

கூடத்தில் கொல்லென்று சிரிப்பு. லீலாவின் குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்தாற்போல வந்தது.

"சரியான விடை. உள்ள இருந்து யாரோ சொல்லியிருக்காங்க. எல்லாரும் கை தட்டுங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் இருமினேன், அவ்வளவுதான். வெங்காய நெடி. இருமல் அவர்களுக்கு அப்படிக் கேட்டிருக்கலாம்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் வெங்காயம். டியூஷனில் அதே பேச்சைத் தொடர்ந்தாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, பிள்ளைகளிடம் இங்கிலீஷில் கேட்டு, கடைசியில் சரியானதை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். என்ன ஆச்சரியம், கண் முகாம், மரக்கன்று, பெஞ்சு எல்லாம் அதில் வருகிறது. எல்லாச் சங்கமும் இதைத்தானே செய்யும்.

"மிஸ், எழுதியாச்சு மிஸ்."

"இருங்க. இன்னும் ஒருத்தர் எழுதி முடிக்கல."

யாரோ மெதுவாக எழுதுகிற பிள்ளை இருக்கிறது போலும். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நான் அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

பேச்சு முடிந்துவிட்டது. நிஜமாகவே முடிந்துவிட்டது. இரண்டு பக்கம். குருசாமி ஸ்டூடியோவில் டைப் அடித்து, அழகாக மூலையில் பின் அடித்துக் கொடுத்தார். கடைக் கதவைச் சாத்திவிட்டு எமல்ஷன் டின்கள் முன்னால் பேசிப் பார்த்தேன். ஒரு டின்கூட எழுந்து போகவில்லை.

வீட்டில் இந்த மூன்று நாளாகச் சாம்பார், காரக்குழம்பு, ஊறுகாய் எல்லாம் சின்ன வெங்காயம்தான்.

ஜூலை 15, திங்கள்

நேற்று விழா. ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. நான் கோட்டுப் போட்டிருந்தேன். லீலா மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுடலைமுத்து லாந்தரை ஏற்றி என் வலது கையில் கொடுத்தார். இடது கையில் பேச்சு. எதிரே மைக்.

ஆரம்பித்தேன். "ஹேவிங் பீன் எலெக்டட்" என்று தொடங்கினேன், நாய் வரவில்லை. கண் முகாம் வந்தது, மரக்கன்று வந்தது. தண்ணீர் ஓடுவது போல ஓடியது. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. முதல் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தேன். "ஐ ப்ராமிஸ் டு" என்றேன். அதாவது, நான் உங்களுக்கு வாக்குக் கொடுப்பது என்னவென்றால். என்னவென்பது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

பக்கத்தைத் திருப்ப வேண்டும். வலது கையில் லாந்தர். அதைக் கீழே வைக்கக்கூடாது, கை மாற்றக்கூடாது. இடது கைக் கட்டை விரலால் தாளைத் தள்ளிப் பார்த்தேன். குருசாமி அடித்த ஸ்டேப்ளர் பின் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டு ஃபேன் காற்று வேறு தாளை என் நெஞ்சோடு ஒட்டியது. மறுபடி, "ஐ ப்ராமிஸ் டு" என்றேன். சபை காத்திருந்தது. வியர்வை கோட்டுக்குள் இறங்கியது.

பின்னால் உட்கார்ந்திருந்த சுடலைமுத்து மெல்லக் குனிந்தார்.

"திரும்பாது அண்ணாச்சி. போன வருசம் எனக்கும் திரும்பல. முத பக்கத்தையே இன்னொருவாட்டி வாசிச்சிருங்க. ஒரு பய கண்டுக்க மாட்டான்."

அட மனுஷா! அதனாலா! ஒரு வருஷமாக இந்த மனிதரை நினைத்து நான் சிரித்திருக்கிறேன்.

நல்ல யோசனைதான். கௌரவமும் போகாது. மறுபடி முதல் வரிக்குக் கண்ணைக் கொண்டுபோனவன், ஏனோ லீலாவைப் பார்த்தேன். அவள் விரல் எதையும் மடக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்திருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. 'கீப் திஸ் லாந்தர் பர்னிங்.' இந்த லாந்தரை அணையாமல் காப்பேன். அது என் இரண்டாம் பக்கத்தின் முதல் வரி. நான் இன்னும் வாசிக்காத வரி. டியூஷனில் அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்ன வரி.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விழுந்தது. மெதுவாக எழுதுகிற பிள்ளை. வயிற்றுவலிக்கு மோர். தின்னர் டின். பிரைமர் டின். ஈரத் துண்டு! கோவில்பட்டியிலே எழுந்து நின்ற அந்தப் பயல்! ஆறு வாரமாக என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் வீம்புக்கு ஒரு கீறல் விழாமல், இவள் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது. லாந்தர் புகை என்று எழுதலாம்தான். ஆனால் அது புகை இல்லை.

மைக்கில், ஊர் முழுக்கக் கேட்க, சொன்னேன்.

"லீலா, ப்ளீஸ் கம் ஹியர்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் நான் நேராகப் பேசிய முதல் இங்கிலீஷ். ஒரு நிமிஷம் அவள் எழவே இல்லை. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறி வந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். இறங்கப்போனவளை, "இரு" என்றேன். நின்றாள். இரண்டாம் பக்கம் முழுவதையும் அவள் தாளைப் பிடித்துக்கொள்ள நான் வாசித்தேன்.

கடைசியில் தாளில் இல்லாத ஒரு வரியைச் சொன்னேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்தச் சரக்கு.

"ஹேவிங் லிவ்ட் வித் ஆன் இங்கிலீஷ் டீச்சர் ஃபார் ட்வென்டி டூ இயர்ஸ், ஐ ஹேவ் லேர்ன்ட் இங்கிலீஷ் இன் சிக்ஸ் வீக்ஸ்."

இங்கிலீஷ் டீச்சரோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்துவிட்டு, ஆறே வாரத்தில் இங்கிலீஷ் கற்றிருக்கிறேன். முதலில் சிரித்தது லீலாதான். மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் அவள் சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலில் லாந்தர் ஆடியது. ஆனால் அணையவில்லை.

கீழே இறங்கினால், கூட்டத்தின் கடைசியில் செண்பகராஜ், அம்மைத் தழும்போடு. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் நேராக வந்திருக்கிறான். லீலாவைக் கண்டதும் விறைத்து நின்று, "மிஸ்!" என்றான்.

"எந்த வருஷம் படிச்ச?" என்று நான் கேட்டேன்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. அன்னைக்கு நீங்க தெரு முனை தாண்டுறதுக்குள்ள மிஸ்ஸுக்குப் போன் போட்டுட்டேன். மறைச்சா என்னால தூங்க முடியாது."

"மன்னிக்கிறதா? உக்காந்து முதல்ல சாப்பிடுடா. கேசரி இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வண்டியில் திரும்பினோம். லீலா பின்னால் உட்கார்ந்திருந்தாள். முக்குலாந்தக்கல் சந்திப்பைத் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"எத்தன தப்பு?" என்று கேட்டுவிட்டேன்.

என் தோளில் கை வைத்தாள்.

"எண்ணலங்க" என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் லீலா காப்பியை வைத்துவிட்டு, "குட் மார்னிங்" என்றாள்.

"குட் மார்னிங், லீலா" என்றேன்.

அடுக்களைக்குப் போனவள் திரும்பி வந்து கதவோரம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

குளித்துவிட்டுத் துண்டைக் கொடியில் காயப்போட்டேன். மிக்சர் பொட்டலத்தின் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். எங்கே என்பதை இந்த டைரியில்கூட எழுத மாட்டேன்.